மல்லி டப்பாவின் அடியில்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதச் சாமான் வந்து இறங்கிய நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மாவின் போன். ஒரு காதில் அம்மா, இன்னொரு கையில் பில். பில்லின் கடைசியில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த முறை நீங்கள் மிச்சப்படுத்தியது 83 ரூபாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுடா" என்றவள், சற்றுக் கழித்துக் கேட்டாள்: "அந்தத் துட்டு எங்க இருக்கு?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது ஓர் இடத்தில் இருக்கும். கையை விட்டால் தட்டுப்படும். போனை வைத்துவிட்டு நான் தேடிப் பார்த்தேன். வங்கிக் கணக்கிலிருந்து 1,940 ரூபாய் போயிருந்தது. 83 ரூபாய் எங்கேயும் வந்திருக்கவில்லை.

எங்கள் ஊர் விருதுநகர். மளிகை என்ற சொல் சென்னைக்கு வந்த பிறகுதான் என் வாயில் ஏறியது. எங்களுக்கு அது பலசரக்கு. வானம் பார்த்த கரிசலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பருப்புக்கும் வத்தலுக்கும் மல்லிக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் ஊர் அது. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பத்திரிகைகளில் வரும்: கடலை எண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, துவரம் பருப்பு 100 கிலோ இவ்வளவு என்று. மற்ற வீடுகளில் சிறுகதை படிப்பதைப் போல எங்கள் வீட்டில் அதைப் படிப்பார்கள். அப்பா ஒரு கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் நாலணா உதைத்தாலும் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவர் வீட்டிலேயே நாற்பது வருஷம் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது.

மாதம் பிறந்ததும் அப்பா பணத்தை எண்ணிக் கொடுப்பார். அம்மா சொல்லச் சொல்ல நான் சிட்டை எழுதுவேன். துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ, சீனி 2 கிலோ. அப்பா சிட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். எழுதுவது நான்தான் என்றாலும் கடைக்கு என்னை அனுப்ப மாட்டாள். "உனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது" என்று பையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிடுவாள். பார்த்து வாங்குவதென்றால் கல், சொத்தை, புழு இல்லாமல் வாங்குவது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் புளி வந்து விழும். ஓடு எடுத்து, கொட்டை எடுக்காத புளி. கொட்டை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம்தான் அம்மாவின் கூலி. கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, நாரைப் பிடித்து ஓர் இழுப்பு, கொட்டை தெறித்து ஓடும். தாயம் விளையாட, பல்லாங்குழிக்கு என்று நாங்கள் பொறுக்கிக்கொள்வோம். ஒரு வாரம் இது நடக்கும். அவள் விரலிடுக்கெல்லாம் புளி தின்று வெந்துபோய் வெள்ளை பூத்திருக்கும். பிறகு கல்லுப்புத் தூவி, இரண்டு நாள் வெயில் காட்டி, மண்பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசிவரை கறுக்குமே தவிரக் கெடாது. வத்தலும் மல்லியும் பங்குனியில். துவரை வரும்போது செம்மண்ணைக் கரைத்து அதில் பிசிறி, ஊறவிட்டு, காயவைத்துத் திருகையில் உடைப்பார்கள். மண் கட்டிய பருப்பில் வண்டு அண்டாது. தோலும் சுளுவாகக் கழன்றுவிடும். எந்தப் பொருளும் விளைந்து குவிகிற நேரத்தில் மலிவு, இல்லாத நேரத்தில் விலை. இதைச் சொல்லப் பொருளாதாரம் வேண்டியதில்லை. ஆனால் மலிவான நேரத்தில் வாங்கிப் போட மொத்தமாகக் கையில் துட்டு வேண்டும், வைக்க இடம் வேண்டும், வெயில் வேண்டும், ஒரு வாரம் சுத்தியலோடு உட்கார ஒரு பெண் வேண்டும்.

அரிசி அளப்பது உழக்கில். 1962ஆம் ஆண்டு நாடு முழுக்க மெட்ரிக் அளவு கட்டாயமானது. எங்கள் அடுப்படிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. உழக்கால் அளந்து பானையில் போட்ட பிறகு, கையை விட்டு ஒரு பிடி அள்ளி வேறொரு பானையில் போட்டு மூடுவாள். ஒரு பிடி 40 கிராம் என்று வையுங்கள். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். "அஞ்சு பேரு சோத்துல ஒரு பிடி கொறஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?" என்பாள். தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது, பின்னால் சொல்கிறேன். செக்கடிக்குப் போனால் விலை கிலோவுக்கா லிட்டருக்கா என்று கேட்டுக்கொண்டுதான் தூக்குவாளியை நீட்டுவாள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். மீதி 90 கிராம் நாலு நாள் தாளிப்புக்கு வரும். அரிசி களைந்த கழனித் தண்ணியைப் பால்காரம்மா எருமைக்கு எடுத்துப் போவாள். அதற்கு ஈடாக வெள்ளிக்கிழமை ஒரு செம்பு மோர்.

இதை இத்தோடு நிறுத்திக்கொண்டால் அழகான கட்டுரையாக முடிந்துவிடும். அந்தக் காலத்துப் பெண்களின் சிக்கனம் என்று தலைப்பு வைத்துத் தீபாவளி மலருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் குறைந்த அந்த ஒரு பிடிச் சோறு எங்கள் யார் தட்டிலும் குறையவில்லை. கடைசியில் சாப்பிடுகிறவள் தட்டில் குறைந்தது. வெந்த பருப்பில் கெட்டி எங்களுக்கு, தெளிவு ரசத்துக்கு, சட்டியைக் கழுவிய கலங்கல் அவளுக்கு. முட்டை எனக்கும் தம்பிக்கும் முழுசு, அக்காவுக்குப் பாதி. அம்மாவுக்கு முட்டை பிடிக்காது என்றே நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம். பல வருஷம் கழித்துச் சென்னையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மனைவி போட்டுக் கொடுத்த ஆம்லெட்டைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

வீட்டுச் செலவுக்கு வாங்குகிற பணத்தில் பெண்கள் யாருக்கும் தெரியாமல் பிடித்துவைப்பதற்குச் சிறுவாடு என்று பெயர். சேமிப்பு என்றால் வங்கி வாடை வருகிறது. சிறுவாட்டில் அடுப்படி வாடை. ஆண்கள் ஒளித்து வைப்பதற்கு இந்தப் பெயர் கிடையாது. அதற்கு வேறு பெயர்கள் உண்டு, அச்சில் ஏறாதவையும் உண்டு. மிச்சம் 'பிடிப்பது' என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் பிடிப்பது என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் உண்டு. குடத்தோடு குழாயடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓடிவிடும். அம்மாவின் குடம் மல்லி டப்பா. பழைய பிஸ்கட் தகரம். மேலே நாலு விரற்கடைக்கு மல்லி. அதற்குக் கீழே, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டில் சுற்றிய பொட்டலம். கல்லூரியில் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தபோதும், அக்காவைப் பிரசவத்துக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போன அதிகாலையிலும், எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காத பணம் வந்தது. அந்த நேரத்தில் கேட்கத் தோன்றாது.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் பேசினார். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது. சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா சொன்னார். உடம்புக்கு என்னவோ என்று பயந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா மல்லி டப்பாவைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, மல்லியை முறத்தில் கொட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தாள். ரப்பர் பேண்டு உருகி முதல் நோட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். 500 ரூபாய் நோட்டுகள் 23. ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை. அதற்குச் சில்லறை கேட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அப்பா தொழில் பழக்கத்தில் இரண்டு தடவை எண்ணினார். பதினோராயிரத்து ஐந்நூறு. முழுசாக ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாருகிட்ட இருந்து ஒளிச்ச?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் அம்மா பதில் சொல்லியிருப்பாள். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அம்மா முறத்து மல்லியில் குச்சி பொறுக்கத் தொடங்கினாள். குடும்பப் பெண்கள் கணக்கில் கட்டும் பணம் இரண்டரை லட்சம் வரை கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. டெல்லி கேட்காத கேள்வியை வீட்டில் கேட்டார்கள்.

அடுத்த நாள் ஞாயிறானாலும் வங்கிகள் திறந்திருந்தன. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவியின் நோட்டுகளில் மஞ்சள் ஏறியிருந்தது. காசாளர் எங்கள் நோட்டை மூக்கருகே கொண்டுபோனார், ஒரு தரம் எங்களை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எண்ணினார். அம்மாவுக்கென்று தனிக்கணக்கு இல்லாததால் கூட்டுக் கணக்கில் கட்டினோம். தை மாதம் ஓடு மாற்ற அந்தப் பணம் போய்விட்டது. நல்ல செலவுதான். ஓடு மாற்றாவிட்டால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்க முடியாது. அம்மா இதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "பேங்குல போட்டா அது வீட்டுத் துட்டு ஆயிரும்ல."

83 ரூபாய்க்கு வருகிறேன். அம்மாவின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் ஆவணியிலிருந்து ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் என்று அச்சாகி வரும் தொகையை அப்படியே ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் போடுவது. முதல் இரண்டு மாதம் தட்டுத் தடுமாறிப் போட்டேன். ஐப்பசியில் தீபாவளிச் சாமான் வாங்கியதில் 412 ரூபாய் மிச்சம் என்று வந்தது. அதைப் போட ஏடிஎம்முக்குப் போக வேண்டியதாயிற்று. மாதக் கடைசியில் பாலுக்கு அந்த டப்பாவிலிருந்தே எடுத்தோம். பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அரிசியிலும் பருப்பிலும் மிச்சம் அநேகமாக இல்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சிப்ஸ், இன்னும் 61 ரூபாய்க்கு வாங்கினால் கொண்டுவந்து தரக் கூலியில்லை என்றதால் கூடையில் ஏறிய சாக்லேட், யாரும் தொடாத சீஸ். வாங்க நினைக்காத பொருளுக்கு முழு விலை கொடுக்காமல் தப்பித்ததற்குப் பெயர் மிச்சம்.

எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. 2022-23ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தால், நகரத்து வீடுகளின் செலவில் சாப்பாட்டுக்குப் போவது 39 சதவீதம் சொச்சம். 1999-2000இல் அது 48 சதவீதத்துக்கு மேல். நாடு முன்னேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் அந்த 39க்குள் பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், கடையில் சமைத்த சாப்பாடு ஆகியவை சேர்ந்து பத்து சதவீதத்துக்கும் மேல். அரிசி, கோதுமை முதலிய தானியங்கள் எல்லாம் சேர்ந்தும் அதில் பாதி வராது. அரிசிப் பானையில் ஒரு பிடி எடுத்து வைத்த கைக்கு இன்றைய வீட்டில் அள்ளுவதற்கே ஒன்றுமில்லை.

பார்த்து வாங்குவதும் வேறு வித்தையாகிவிட்டது. இப்போது கல்லும் புழுவும் எண்களில் இருக்கின்றன. பல பொருள்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அதனால் 910 கிராம் எண்ணெய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில், அதே பூப்படத்தோடு 850 கிராம் நிற்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் என் மகள் பிறந்தபோதும் ஐந்து ரூபாய், அவள் கல்லூரிக்குப் போனபோதும் ஐந்து ரூபாய். அவள் வளர்ந்தாள், அது இளைத்தது. 2024 ஜனவரி 1 முதல் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிடுவது கட்டாயம். நல்ல விதி. எழுத்துதான் பொடி. கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்கி அதைப் படித்துக்கொண்டு நின்றால், பின்னால் வண்டி தள்ளுகிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். பெரிதாக வாங்கினால் மலிவு என்று என் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஷாம்புவில் அது பல நேரம் பொய். சின்ன உறையில் அடைத்து விற்கும் யோசனையைக் கடலூர் சின்னி கிருஷ்ணனிடமிருந்து தொடங்குவார்கள். அவர் பிள்ளைகள் காலத்தில் வெல்வெட், சிக் என்று அது நாடெங்கும் போனது. ஒரு ரூபாய் உறையையும் பெரிய பாட்டிலையும் மில்லிக்கு வகுத்துப் பாருங்கள். அநேகமாகப் பாட்டில்காரர்தான் ஏமாளியாக இருப்பார். கூலிக்காரர் கையிலிருக்கும் ஒரு ரூபாய்க்கு ஏற்ற மாதிரி விலையை வைத்துவிட்டுத்தான் கம்பெனிகள் மாத ஊதியக்காரரிடம் திரும்புகின்றன. பருப்பில் அந்த நியாயம் நடக்காது. நூறு கிராம் நூறு கிராமாக வாங்குகிறவர் என்றைக்கும் கூடத்தான் கொடுக்கிறார்.

ஊரில் எதிர்வீட்டு அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம். அரசே கொடுக்கும் சிறுவாடு என்று நண்பர்களிடம் நான் பெருமை அடித்ததுண்டு. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி அவர் வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் ஏறிய ஐந்தாவது நிமிஷம் அதற்குச் செலவு சொல்லிவிடுவாராம். அப்படியும் அதில் அந்த அக்கா ஒரு சீட்டுக் கட்டுகிறார். குறுஞ்செய்தியைத் தாண்டி எப்படிப் பிடிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டுச் செலவுக்கு அனுப்புவது நான். அப்பா ஏடிஎம்மில் எடுத்து, பழையபடி மாதம் பிறந்ததும் எண்ணிக் கொடுக்கிறார். தனியாக மாதம் ஆயிரம் உனக்கு அனுப்பட்டுமா என்று அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "எதுக்கு? அது நீ குடுக்குற துட்டு" என்றாள். நான் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் புளி இல்லை. விரல் வணங்குவதில்லை என்று கொட்டை எடுத்ததையே வாங்குகிறாள். அப்பா சாய்வு நாற்காலியில் மார்க்கெட் நிலவரம் படித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு துண்டுச் சிட்டையும் நூறு ரூபாய் நோட்டும் கொடுத்துக் கடைக்குப் போகச் சொன்னாள். முழங்கால் வலி, அவளால் நடக்க முடியவில்லை. சிட்டையில் என் அக்கா மகனின் எழுத்தில் துவரம் பருப்பு அரைக் கிலோ என்று இருந்தது. வாசல்வரை வந்தவள் நடைப்படியில் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானூறு கிராம் வாங்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அண்ணாச்சி கடையில் மின் தராசு வந்துவிட்டது. பையன் பருப்பைக் கொட்டினான்; 402 காட்டியது. இரண்டு கிராமைத் திரும்பி அள்ளப் போனவனை அண்ணாச்சி பார்வையாலேயே தடுத்தார். கிலோ 160. 64 ரூபாய். பழக்கத்தில் கை போனுக்குப் போயிற்று. கல்லாவின் மேல் அந்தச் சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது, பணம் விழுந்ததும் தெருமுனைவரை கேட்கத் தொகையைச் சொல்லும் பெட்டி. எங்கள் வீடு கடையிலிருந்து நாலாவது வீடு. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நூறு ரூபாயை நீட்டினேன்.

மீதி 36. வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அம்மா அதைப் பிரித்தாள். இருபது ரூபாய் சாமி படத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தில். பதினாறு முந்தானையில்.

"அப்பா கேட்டா அரைக் கிலோ" என்றாள்.